புத்ரா இஞ்சினும் புத்ரா காரும்

ஜொகூரில் நம்மவர் நடத்தும் எந்தப் பட்டறைக்கும் போய் "புத்ரா இஞ்சின்" என்று சொல்லுங்கள். "விராவுல ஏத்தவா, சாகாவுல ஏத்தவா?" என்று உடனே திருப்பிக் கேட்பார்கள். புத்ரா கார் இருக்கிறதா என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார்கள். அந்த இஞ்சின் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. அது எந்தக் காருக்காக வந்ததோ அந்தக் கார் பெரும்பாலும் துண்டு துண்டாகப் போய்விட்டது. மாசாய்க்கும் ஜொகூர் பாருவுக்கும் நடுவே பட்டறை போட்டுப் பிழைப்பவன் நான். புரோட்டான் கார்களைப் பிரித்து மாட்டியே தலை நரைத்தது. அவற்றில் என் மனசுக்கு நெருக்கமானது இந்த இரண்டு கதவுக் கூப்பேதான்.

புரோட்டான் நிறுவனம் 1983இல் தொடங்கியது. 1985இல் சாகா, 1993இல் விரா, அடுத்த ஆண்டு சத்ரியா, 1996இல் புத்ரா. எல்லாவற்றுக்கும் வேர் மிட்சுபிஷி. ஜப்பானில் மிராஜ் அஸ்தி என்ற பெயரில் விற்ற கூப்பேயின் உடம்புதான் புத்ரா. அமெரிக்காவில் அதே உடம்பு டாட்ஜ் கோல்ட் என்ற பெயரில் ஓடியது. உள்ளே உட்கார்ந்தால் விராவில் உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும்; டேஷ்போர்டைப் பார்த்து யாரும் மயங்க மாட்டார்கள். பானெட்டைத் திறந்தால்தான் விஷயம் இருக்கிறது: 4ஜி93, இரட்டை கேம்ஷாஃப்ட், 16 வால்வு, 1,834 சிசி, ஏறக்குறைய 140 குதிரைத் திறன். பின்னால் 1990களின் கடைசியில் சத்ரியா ஜிடிஐ வந்தபோது அதற்கும் இதே இஞ்சினைத்தான் வைத்தார்கள். ஜிடிஐக்குப் பேரும் புகழும் கிடைத்தன. முதலில் வந்த புத்ராவை ஜனங்கள் மறந்துவிட்டார்கள்.

இந்த இஞ்சினின் சிலிண்டர் விட்டம் 81 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 89 மில்லிமீட்டர். விட்டத்தைவிட ஓட்டம் நீளமாக இருப்பதால் அடியிலிருந்தே இழுவை உண்டு. தெப்ராவ் சாலை நெரிசலில் மூன்றாவது கியரிலேயே ஊர்ந்து, இடம் கிடைத்ததும் காலை அழுத்தினால் தயங்காமல் எழும்பும். அதே காலத்து ஹோண்டாக்களை உச்சி வரைக்கும் ஏற்றினால்தான் சுகம். இது அப்படி இல்லை. தினசரி வேலைக்குப் போய் வரும் ஆளுக்கும் பொருந்துகிற ஸ்போர்ட்ஸ் கார் என்று நான் இதைச் சொல்வது இதனால்தான்.

வந்த நேரம்தான் சரியில்லை. வந்த மறு ஆண்டே 1997இன் நாணய நெருக்கடி. அடுத்த ஆண்டு நாட்டில் புதுக் கார் விற்பனை பாதிக்கும் கீழே விழுந்தது. நாலு கதவு வாங்கவே யோசித்த குடும்பங்கள் இரண்டு கதவுக் காரை எங்கே வாங்கும்? ரோட்டில் இறங்கியதே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் இஞ்சினுக்காக அறுத்தார்கள்.

ஏன் அறுத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விராவும் புத்ராவும் ஒரே அடித்தளம். 1.3, 1.5 விரா வைத்திருந்த பையன்கள் மவுண்டிங், ஒயரிங், இசியூ (இஞ்சினை இயக்கும் கணினி) எல்லாவற்றோடும் புத்ரா இஞ்சினை ஏற்றிவிட்டால் வண்டியே வேறு வண்டி ஆகிவிடும். கம்பத்துச் சுவரில் இடித்த புத்ரா ஒன்று பழைய கார்களை அறுத்து விற்கிற போத்தோங் கடைக்கு வந்தால் உடம்பைத் தட்டி நிமிர்த்துகிற செலவைவிட இஞ்சினை விற்கிற வரவு அதிகம். ஆகவே யாரும் நிமிர்த்தவில்லை. 2002இல் கரம்ஜித் சிங் புரோட்டான் பெர்ட் காரில் உற்பத்திக் கார்களுக்கான உலக ராலிப் பட்டத்தை வென்றபோது இங்கே பையன்களுக்கு ஏறிய வேகம் கொஞ்சமில்லை. நல்ல சந்தோஷம்தான். ஆனால் அந்த ஆண்டுகளில்தான் எங்கள் பக்கத்துப் புத்ராக்கள் அதிகம் அறுபட்டன.

பாசிர் கூடாங் பந்தயச் சாலை எங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. 1986இல் திறந்தது, சுற்று ஏறக்குறைய 3.86 கிலோமீட்டர். 1998இல் மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ அங்கேதான் நடந்தது; அடுத்த ஆண்டு செப்பாங்கிற்குப் போய்விட்டது. வாரக் கடைசியில் சொந்தக் காரை ஓட்ட அனுமதித்த நாள்களில் டூல் பெட்டியோடு நானும் போனதுண்டு. ஒரு கார் நல்ல கையில் இருந்ததா இல்லையா என்பது நாலைந்து சுற்றிலேயே தெரிந்துவிடும். ரோட்டில் மாதக்கணக்கில் மறைந்து கிடக்கிற கோளாறை வெயிலும் பந்தயச் சாலையும் சேர்ந்து ஒரு காலைக்குள் வெளியே கொண்டுவரும். இந்த இஞ்சினைப் பற்றி நான் கற்றதில் பாதி அந்தத் தார்ச்சாலை ஓரத்தில் கற்றது.

முதலில் சத்தம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இஞ்சின் தலையிலிருந்து 'டிக் டிக் டிக்' என்று கேட்கும். சில வண்டிகளில் சூடானதும் அடங்கும், சிலவற்றில் அடங்காது. காரை விற்க வந்தவர் "இந்த இஞ்சின் அப்படித்தான்" என்பார். அப்படி இல்லை. 4ஜி93இன் டேப்பட் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது. உள்ளே ஒரு குட்டி பிஸ்டன், அதற்குக் கீழே ஒருவழி விடும் சின்ன உருண்டை. எண்ணெய் நிறைந்து நின்றால் வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே இடைவெளி தானாகவே சரியாகிவிடும், ஃபீலர் கேஜ் வைத்து அளக்கிற வேலையே கிடையாது. எண்ணெய் மாற்றாமல் ஓட்டினால் கசடு அந்தத் துளையை அடைக்கும். எண்ணெய் மட்டம் குறைந்தால் பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். உள்ளே காற்று புகுந்த டேப்பட் அமுங்கும், அமுங்கினால் தட்டும்.

இதற்கு ஊரில் செய்கிற வைத்தியம், கெட்டியான எண்ணெயை ஊற்றுவது. சத்தம் கொஞ்சம் குறையும், ஆனால் கசடு அப்படியே இருக்கும். கெட்டி எண்ணெய் காலையில் மேலே ஏறவும் நேரம் எடுக்கும், அதுவரை கேம்ஷாஃப்ட் காய்ந்து சுற்றும். நான் செய்வது வேறு. 10டபிள்யூ-40 எண்ணெயும் நல்ல ஃபில்டரும் போட்டு, கொஞ்ச தூரம் ஓட்டவிட்டு, வழக்கமான காலத்துக்குக் காத்திராமல் மறுபடி மாற்றுவேன். பாதி வண்டிகள் இதிலேயே வாயை மூடிவிடும்.

மூடாதவற்றுக்கு மேல்மூடியைக் கழற்ற வேண்டும். பதினாறு டேப்பட்டையும் எடுத்து, எது எந்த இடத்தில் இருந்ததோ அந்த வரிசையிலேயே தட்டில் அடுக்குவேன். ஒவ்வொன்றும் தன் இடத்துக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும், மாற்றி வைத்தால் வேறு வம்பு வரும். ஒரு கிண்ணத்தில் சுத்தமான டீசல். டேப்பட்டை அதில் முழுக்கி, மேலே உள்ள ஊசித் துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டு உருண்டையை லேசாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பிஸ்டனை அமுக்கி விட, அமுக்கி விட, கறுப்பாகக் குமிழி வரும். குமிழி நிற்கும்வரை அப்படியே செய்ய வேண்டும். பிறகு கம்பியை எடுத்துவிட்டுக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தால் கல் மாதிரி நிற்க வேண்டும். அமுங்கினால் அந்த டேப்பட் தேய்ந்துவிட்டது, புதிது வாங்க வேண்டும். கைவேலையிலேயே எனக்கு மிகப் பிடித்த வேலை இது. மத்தியானம் முழுக்கப் போனாலும் மனசு அலுக்காது.

மேல்மூடி திறந்திருக்கும்போதே பிளக் குழிகளையும் பார்த்துவிட வேண்டும். இரண்டு கேம்ஷாஃப்டுக்கும் நடுவே பிளக்குகள் ஆழமான குழிக்குள் உட்கார்ந்திருக்கும். மூடியின் ரப்பர் சீல் காய்ந்தால் குழிக்குள் எண்ணெய் தேங்கும். வண்டி திணறுகிறது என்று பெட்ரோல் பம்பை மாற்றி, இஞ்ஜெக்டரைக் கழுவி, பையை வெறுமையாக்கிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. பிளக்கைக் கழற்றினால் எண்ணெயில் குளித்து வரும். செலவு சின்ன ரப்பர் வளையங்கள்தான்.

டைமிங் பெல்ட்டில் மட்டும் நான் யாரோடும் பேரம் பேச மாட்டேன். இந்த இஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வை இடிக்கும், வால்வுகள் வளையும். பழைய கார் வாங்கியவர் கையில் பெல்ட் மாற்றிய ரசீது இல்லாவிட்டால், மைல் மீட்டர் என்ன சொன்னாலும் மாற்றிவிடச் சொல்வேன். பெல்ட்டை மட்டும் மாற்றினால் போதாது. டென்ஷனர் பேரிங், வாட்டர் பம்ப், கேம், கிராங்க் முனைகளின் எண்ணெய் சீல்கள் எல்லாம் ஒன்றாகப் போட வேண்டும். சீல் கசிந்து எண்ணெய் பட்டால் புதுப் பெல்ட்டும் ஊறி வீணாகும். மாட்டும்போது ஒரு சிரமம்: வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் கேம் சக்கரங்கள் குறியை விட்டுத் தாமாகவே நழுவப் பார்க்கும். காகிதம் சேர்த்துப் பிடிக்கிற கறுப்புக் கிளிப்புகளால் பெல்ட்டைச் சக்கரத்தோடு கவ்வ வைத்துவிட்டால் குறி அசையாது. மாட்டி முடித்ததும் ஸ்பானரால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று கையாலேயே சுற்றி, குறிகள் திரும்பவும் சேர்கின்றனவா என்று பார்க்காமல் சாவியைத் திருப்பக் கூடாது. என்னிடம் வேலை பழகுகிற பையன்களுக்கு நான் கடுமையாகச் சொல்லுகிற விஷயம் இதுதான்.

அடுத்தது தண்ணீர். "நம்ம ஊரு சூடு அங்கிள், தெர்மோஸ்டாட் எதுக்கு? எடுத்துருங்க" என்பார்கள். ஜொகூர் முழுக்க இந்த எண்ணம் இருக்கிறது. தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கினால் மீட்டர் முள் கீழே நிற்கும்; ஓட்டுகிறவருக்கு நிம்மதி. ஆனால் இஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று இசியூ நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். அந்த அதிகப் பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவி எண்ணெயில் இறங்கும். எண்ணெய்க்குள் சேர்கிற ஈரமும் ஆவியாகாது, கசடு கட்டும், கசடு டேப்பட்டை அடைக்கும். சத்தத்துக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்தவர்களுக்கு இதைத்தான் விளக்குவேன். வெயில் நாட்டிலும் இஞ்சினுக்கு அதன் சூடு வேண்டும்.

உண்மையில் சூடேறுகிற புத்ராவுக்குக் காரணம் பெரும்பாலும் மூன்று: ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியில் விரிசல், களைத்துப்போன விசிறி மோட்டார், அல்லது வாட்டர் பம்புக்குப் போகிற இரும்புக் குழாய். இந்தக் குழாய் எளிதில் கண்ணில் படாத இடத்தில் ஓடுகிறது. அதன் முனை பம்புக்குள் ஒரு ஓ-ரிங்கோடு செருகி நிற்கும். ஆண்டுக்கணக்கில் கூலன்ட் போடாமல் குழாய்த் தண்ணீரே ஊற்றினால் அந்த முனை துருப்பிடித்து அரிக்கும். கசிவு சொட்டுச் சொட்டாகத்தான் இருக்கும், சூட்டிலேயே காய்ந்துவிடும், தரையில் தடம் தெரியாது. வாரம் ஒருமுறை தண்ணீர் குறைகிறது, எங்கே போகிறதென்று தெரியவில்லை என்று யாராவது சொன்னால் முதலில் அங்கேதான் டார்ச் அடிப்பேன். பம்ப் மாற்றுகிறபோது அந்தக் குழாயையும் வெளியே இழுத்துப் பார்க்காத வேலை அரைகுறை வேலை.

கூப்பேயின் பின்பக்கம் தனியாகச் சொல்ல வேண்டியது. புத்ராவுக்குப் பின் சக்கரங்கள் தனித்தனியாக இயங்கும் மல்டிலிங்க் சஸ்பென்ஷன். அந்த விலைக் காரில் அது பெரிய விஷயம். வளைவில் தரையை விடாமல் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு கைக்கும் ரப்பர் புஷ் உண்டு, இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் எந்த ரப்பரும் நிற்காது. புஷ் போன வண்டி நெடுஞ்சாலையில் வேகம் குறைக்கும்போது பின்னால் ஆட்டும். பின் டயர்கள் உள்பக்கம் மட்டும் தேயும். இளைஞர்கள் உடனே விலை கூடிய அப்சோர்பர் வாங்கி மாட்டுவார்கள். பிடிமானமே இல்லாத கையில் புது அப்சோர்பர் மாட்டி என்ன பயன்? முதலில் புஷ், பிறகு அலைன்மென்ட் (பின் சக்கரத்துக்கும் சேர்த்து), கடைசியில் ஆசை இருந்தால் அப்சோர்பர்.

துருவும் வெள்ளமும் எங்கள் மண்ணின் நோய். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை மூழ்கடித்த வெள்ளத்தை கோத்தா திங்கிக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. அதில் முங்கிய கார்கள் கழுவித் துடைத்துப் பல கை மாறின. பழைய புத்ரா வாங்குகிறவர் பெயின்டைப் பார்ப்பதற்கு முன் சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளையும், கம்பளத்தைத் தூக்கி அதன் அடியையும், ஸ்பேர் டயர் குழியையும் பார்க்க வேண்டும். கம்பளத்தின் மேல்பக்கத்தைக் கழுவலாம். அடியில் ஒட்டிய சேறு போகாது. டேஷ்போர்டுக்குக் கீழே ஒயர் இணைப்புகளில் பச்சைப் பூஞ்சாணம் போல் படிந்திருந்தால் அந்தக் காரை விட்டுவிடுவது நல்லது. கடல்காற்றுப் பக்கம் கிடந்த வண்டிகளில் பின் சக்கர வளைவும் கதவுக்குக் கீழ் விளிம்பும் முதலில் போகும். பொதுவாகவே இரண்டு கதவுக் காரின் கதவு நீளம், கனம். கீல் தேய்ந்து தொங்கும். பாதி திறந்த கதவின் முனையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், ஆட்டம் கையில் தெரியும்.

ஐடிலில் ஏறி இறங்கி நின்றுபோகிற வண்டிகளும் வரும். முதலில் திராட்டில் பாடியைக் கழுவ வேண்டும், அதன்பின் ஐடில் மோட்டாரின் சுருள்களை மல்டிமீட்டரில் அளக்க வேண்டும். சுருள்களில் ஒன்று மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்து காட்டினால் மோட்டாரை உடனே மாற்றிவிட வேண்டும். அதை அப்படியே விட்டு ஓட்டினால் இசியூவுக்குள் அதை இயக்குகிற பகுதி கருகிவிடும். 1990களின் மிட்சுபிஷி குடும்பத்துக் கார்கள் பலவற்றில் இசியூ பலகையின் மின்தேக்கிகள் கசிந்து தடங்களை அரித்ததும் உண்டு. மூடியைத் திறந்தால் மீன் வாடை மாதிரி ஒன்று வரும். அரிப்பு பரவாமல் இருந்தால் நல்ல எலக்ட்ரானிக்ஸ் கைக்காரர் மின்தேக்கியை மாற்றி, பலகையைக் காப்பாற்றித் தருவார்.

பையன்கள் என்னிடம் அதிகம் கேட்பது டர்போ. ஜப்பானிலிருந்து ஹாஃப்-கட்டாக (காரின் முன்பாதியை மட்டும் அறுத்து) வந்த லான்சர் ஜிஎஸ்ஆர் இஞ்சின், அதே 4ஜி93, டர்போவோடு 195 குதிரைத் திறன். மிராஜ் சைபோர்க்கின் 1.6 மிவெக் இன்னொன்று, டர்போ இல்லாமலே 175. இரண்டும் அருமையான இஞ்சின்கள், மறுக்கவில்லை. புத்ராவின் சொந்த இஞ்சினிலேயே டர்போவைத் திருகிவிடலாம் என்கிறவர்களைத்தான் நான் தடுப்பேன். டர்போ இல்லாத 4ஜி93இன் கம்ப்ரஷன் அதிகம். அதன்மேல் காற்றைத் திணித்தால் நாக்கிங் வந்து பிஸ்டனே உடையும். முழு இஞ்சினையும் மாற்றுகிறவர்களிடமும் ஒன்று சொல்வேன்: விரா இன்னும் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது, அதில் ஏற்றிக்கொள். புத்ராவை விட்டுவிடு.

அண்மையில் உலு திராம் பக்கத்துத் தம்பி ஒருவர் ஒரு புத்ராவை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். உடம்பு நன்றாக இருக்கிறது, பின் கண்ணாடியும் பின் விளக்குகளும் முழுசாக இருக்கின்றன. சொந்த இஞ்சின் எப்போதோ போய்விட்டது, உள்ளே 1.5 இஞ்சின், கெரானில் (பதிவுச் சான்றிதழில்) ஒரு எண், இஞ்சினில் வேறு எண். "டர்போ போட்டுரலாமாண்ணே?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். எனக்குப் பழக்கமான ஒருவரிடம் புத்ரா இஞ்சின் ஏற்றிய விரா ஒன்று நிற்கிறது. விராவின் அடித்தட்டு துருவேறிப் போனதால் அவர் அதை ஒழிக்கப் பார்க்கிறார். இஞ்சின், கியர்பாக்ஸ், இசியூ, ஒயரிங் எல்லாம் ஒரே இடத்திலிருந்து கிடைக்கிறது. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் அனுமதி வாங்கி, வாகனப் பரிசோதனை செய்யும் புஸ்பாகோமில் எண்ணைச் சரிபார்த்து, கெரானைத் திருத்திவிட்டுத்தான் ரோட்டில் இறக்க வேண்டும். அந்த அலைச்சலைத் தம்பி தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நான் இஞ்சினை ஸ்டாண்டில் ஏற்றி மேல்மூடியைக் கழற்றிவிட்டேன். தெர்மோஸ்டாட்டை யாரோ பிடுங்கியிருக்கிறார்கள், டேப்பட்டுகளில் கசடு, தண்ணீர்க் குழாயின் முனை அரித்திருக்கிறது. கேம்ஷாஃப்டில் கீறல் இல்லை. பெல்ட், சீல், குழாய், ஓ-ரிங் எல்லாவற்றுக்கும் பட்டியல் எழுதித் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். சாமான் வந்ததும் வேலை ஆரம்பம்.